மதினியிடம் கேட்ட யோசனை

இன்னைக்கு கிழக்கேகோட்டை பஸ்ல நானும் நாத்தனாரும். நான் விளையாடுற கேமை போன வாரம்தான் அவ போன்லயும் டவுன்லோட் பண்ணிக் கொடுத்தேன்.

அதுல நமக்குத் துணையா சண்டை போடுற வீரன் ஒருத்தன் உண்டு; நம்மளைப் பிடிச்சுப்போனா கல்யாணமும் கேப்பான். நான் அவனுக்கு வாள், கவசம், குதிரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. எங்கிட்ட "ம்" தவிர வேற வார்த்தை கிடையாது.

நாத்தனார் தன் போனை என் பக்கம் திருப்பினா. "மதினி, இவன் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கான். என்ன சொல்லட்டும்?"

"நீ அவனுக்கு என்ன கொடுத்த?"

"ஒண்ணும் கொடுக்கல்ல. சண்டை முடிஞ்சதும் மீன் சுட்டு முதல்ல அவனுக்கு வைப்பேன். அடிபட்டு வந்திருக்கான்லா, பாவம்."

எனக்கு வயிறு எரிஞ்சுது.

"வேண்டாம்னு சொல்லிரு. ஆளு சரியில்ல."

அப்படியே சொல்லிட்டா.

கிழக்கேகோட்டையில இறங்கினதும் பக்கத்துல இருக்குற பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சேன். நன்றிக்கா பரிகாரத்துக்கான்னு நீங்களே சொல்லுங்க.