அவர் செய்ததாக நான் சொன்ன கருவி

என் கணவர் பிரிக்பீல்ட்ஸில் தையல்கடை வைத்திருக்கிறார். நான் மேருவில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருக்கிறது என்றால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். இன்னும் பறக்கவில்லை. கிள்ளானில் ஒரு சீனப் பெரியவர் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, பாதி கட்டிய பிறகு முதுகுவலி வந்து கைவிட்டுவிட்டார். அதை நாங்கள் வாங்கினோம். இப்போது மேருவில் ஒரு நாற்காலிப் பட்டறையின் பின்பக்கத்தில் வாடகைக்கு நிற்கிறது.

யார் எந்த வேலையைச் செய்வது என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. றெக்கைகளுக்குத் துணி போர்த்துவது தானாகவே அவர் வேலையாகிவிட்டது. அலுமினியச் சட்டத்தின்மேல் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் மெல்லச் சூடு காட்டினால் துணி சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் சட்டம் வளைந்துவிடும். நான் ஒருமுறை முயன்று ஒரு மூலையைப் பாழாக்கினேன். அவர் அதைப் பிரித்து மறுபடி போர்த்தினார். ஒரு சுருக்கம் இல்லை. இஞ்சின் முழுக்க என் பொறுப்பு.

போன வருடம் இஞ்சினுக்கும் அதன் முன்னால் இருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் கசிந்தது. கியர்பாக்ஸைக் கழற்றாமல் உள்ளே பார்க்க முடியாது. அது இறுக்கமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். போல்ட்டுகளை எடுத்துவிட்டாலும் கையால் இழுத்தால் வராது. அதற்கென்று உள்ள கருவி இங்கே எங்கும் கிடைக்கவில்லை. நானே செய்தேன். காற்றாடி மாட்டும் முகப்பில் பொருந்தும்படி ஓர் இரும்புத் தகட்டில் துளை போட்டேன். தகட்டின் நடுவில் ஒரு நீளக் கம்பி. கம்பியில் சறுக்கி ஓட ஒரு கனம் வேண்டும். பழைய டம்பெல்லின் வட்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்தேன். அந்தக் கனத்தைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தால், கம்பியின் நுனியில் மோதும்; மோதுகிற வேகத்தில் கியர்பாக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வேலை முடிந்த அன்று அதை வீட்டுக்கு எடுத்துவந்து அவரிடம் காட்டினேன். "அழகா இருக்கும்மா," என்று தடவிப் பார்த்தார்.

அதைப் பயன்படுத்த வேண்டிய ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் திடீரென்று மேருவுக்கு வந்தார். அவர் பெரிய பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாண வீடுகளில் யாராவது "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டால், "பிசினஸ் பண்றான்," என்பார். தையல்கடை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் கணவர் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அண்ணன் வந்தபோது நான் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் குழாயைப் பிடித்திருக்கும் தகட்டுக்குப் பின்னால் ஒன்று மட்டும் பாக்கி. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கைதுடைத்து, "வாங்க மாமா," என்றேன். அவர் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். றெக்கையின் பக்கம் போய் நிற்கவில்லை. நேராக இஞ்சினிடம் வந்து, மாட்டியிருந்த கருவியைக் குனிந்து பார்த்தார்.

"பரவால்லையே! யாரு செஞ்சது இது?"

என் கணவர் தண்ணீர்ப் போத்தல் எடுக்கத் திரும்பியிருந்தார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"அவர்தான், மாமா."

அண்ணனின் முகம் மாறியது. தம்பியை அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை. "டேய், நீயா? சொல்லவே இல்லையே லா! எங்க, ஒருதடவ இழுத்துக் காட்டு."

என் கணவர் போத்தலோடு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மறுத்துப் பேசியிருந்தால் பொய் சொன்னவள் நான் ஆகியிருப்பேன். அதனால்தான் அவர் பேசாமல் வந்து கனத்தைப் பிடித்தார் என்று பிறகு புரிந்தது.

முதல் இழுப்பு மெதுவாக மோதியது. "சாப்பிடலையாடா? நல்லா இழு," என்றார் அண்ணன். கழற்றாமல் விட்ட அந்த ஒரு போல்ட் நினைவுக்கு வந்தது. "இருங்க, இன்னும் ஒண்ணு கழட்டல" என்று சொன்னால் போதும். சொன்னால், இது யார் வேலை என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே. மெல்லத்தானே இழுக்கிறார், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். என் கணவர் கால் ஊன்றி முழுப்பலத்தோடு இழுத்தார். பீங்கான் உடைகிற மாதிரி ஒரு சத்தம். போல்ட் இருந்த இடத்தில் கியர்பாக்ஸ் உறையில் காதுபோல நீட்டியிருந்த பகுதி விண்டு, தரையில் விழுந்து உருண்டது.

பட்டறையில் மரம் அறுக்கும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் குனிந்து அந்தத் துண்டைப் பொறுக்கினார்.

"அண்ணே, எனக்கு இது தெரியாது," என்றார். "நான் செய்யல. எல்லாம் அவ செஞ்சது. இஞ்சின் பூரா அவ வேலைதான்."

குரலில் கோபமே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா," என்றார், ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல. முகம் சுட்டது. கொஞ்ச நேரத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

காரில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுவிட்டது. நான்தான் முதலில் பேசினேன்.

"உங்களுக்காகத்தான் சொன்னேன். அவரு எப்பப் பாத்தாலும் உங்கள..."

"எனக்காகவா?"

"பின்ன?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் டெய்லருன்னு சொல்லிக்க எனக்கு ஒருநாளும் வெட்கமா இருந்ததில்லம்மா. அண்ணனுக்கு இருக்கு, அது தெரியும். உனக்கும் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் போர்த்திய றெக்கை அண்ணனுக்குப் பின்னாலேயே இருந்தது. "இத பாருங்க மாமா, இந்தத் துணிய உங்க தம்பிதான் போத்தினாரு" என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? துணி வேலை என்றால் அண்ணன் மதிக்கமாட்டார் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். இரும்பு வேலையைத்தான் மதிப்பார் என்று நினைத்து, என் இரும்பை எடுத்து என் கணவர் கையில் திணித்தேன். அண்ணன் அவரை எப்படி எடைபோட்டாரோ, அப்படியேதான் நானும் போட்டிருக்கிறேன். வயிறு எரிந்ததெல்லாம் யாருக்காக?

வீட்டில் அவர் எப்போதும்போல இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் எந்தக் கடையில் உறை கிடைக்கும் என்று விசாரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி முடித்திருப்பேன்.

உடைந்த உறைக்குப் பதில் புதியது வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மாதங்கள் ஆயின. அது வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாப் போல்ட்டும் கழன்றுவிட்டதா என்று இரண்டுமுறை தடவிச் சரிபார்த்துவிட்டு, நானே கனத்தைப் பிடித்து இழுத்தேன். கியர்பாக்ஸ் சிக்காமல் வந்தது. நான் மூச்சுவாங்கிக்கொண்டு அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தபோது என் கணவர் கைப்பேசியில் படம் எடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசி விடாமல் ஒலித்தது. குடும்பக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். கீழே, "கருவி செய்ததும் கழற்றியதும் என் வீட்டம்மா. நான் துணி தைப்பவன், வேடிக்கை பார்த்தேன்," என்று எழுதியிருந்தார். அத்தைகள், மச்சான்கள் எல்லாரும் கைதட்டும் படங்களை அனுப்பியிருந்தார்கள். அவர் அண்ணனும் ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

எதிரே உட்கார்ந்து அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்ல வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்க வேண்டும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று மட்டும் கேட்டேன்.