பாவு என்று நினைத்த கயிறு

நான் சைக்கிளில் போன ஊர்களைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு நாள் பயணத்தை மட்டும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அதனால் எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் பிறப்பதற்கு முந்தின வருஷம், மார்கழி மாதம். என் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி நின்றது. அரக்கு நிறம், ஒரு சாண் ஜரிகைக் கரை. தை பிறந்ததும் வருகிற முதல் முகூர்த்தத்துக்கு அது போக வேண்டும். அதுவரை எனக்குச் சாதாரணப் புடவைகள்தான் வந்துகொண்டிருந்தன. முதலாளி என்னை நம்பிக் கொடுத்த முதல் கல்யாணப் புடவை அது. பாதியில் ஜரிகை தீர்ந்துவிட்டது. "சூரத்துலேருந்து வந்துக்கினு இருக்குதுபா, ரெண்டு நாளு பொறுத்துக்கோ" என்றார்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் இருந்தான். திருப்புட்குழிப் பக்கம் விவசாயக் குடும்பம். வாலாஜாபாத்தில் நெல் மில்லில் வேலை. அறுவடை வராததால் அவனுக்கும் அப்போது வேலை குறைவு.

"தறிக்குழியிலியே காலத் தொங்கவுட்டுக்கினு இருந்தா வேரு வுட்டுடும்டா. வந்தவாசிக்கு இந்தாண்ட எங்க சின்னம்மா வீடு இருக்குது. வழி நெடுக ஏரி தளும்புது. வா, ரெண்டு நாளு சுத்திட்டு வரலாம்" என்றான்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. இருபத்தாறு வயதுவரை நான் பாலாற்றைத் தாண்டிப் போனதே இல்லை.

உங்கள் அம்மா தடுக்கவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஹேண்டில்பார் பிடியில் இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டினாள். "கைய மட்டும் பாத்துக்குங்க" என்றாள்.

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் யாரும் தறியில் உட்காரவில்லை. பட்டு இழை தலைமுடியைவிட மெல்லியது. உள்ளங்கையில் ஒரு சிறு சொரசொரப்பு இருந்தாலும் அதில் மாட்டி இழுபடும், அறும். கை கெட்டுப்போனால் வேறு ஆளை உட்கார வைக்கலாமே என்று கேட்பீர்கள். குறுக்கு இழையைத் தட்டி இறுக்குகிற அடியில் ஒவ்வொரு நெசவுக்காரனுக்கும் ஒரு கனம் உண்டு. பாதியில் ஆள் மாறினால், மாறின இடத்தில் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். கல்யாணப் புடவையில் கோடு விழுந்தால் யார் வாங்குவார்கள்?

முதல் நாள் விடிந்ததும் கிளம்பினோம். செவிலிமேடு தாண்டி ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரை ஏறினோம். அதற்கப்பால் கண்ணுக்கெட்டின மட்டும் ஒரே சமதரை. சம்பா நெல் கதிர் வாங்கி நின்றது. ஒரு ஊரின் பனைமரங்கள் முடியும்போதே அடுத்த ஊரின் பனைமரங்கள் தெரியும். ஏரிக்கரை ஒன்றுதான் மேடு. மேலே ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் நாங்கள் இரண்டு பேர்.

ஆனால் நான் அதை எல்லாம் பாதிதான் பார்த்தேன். ஒவ்வொரு மைல் கல்லுக்கும் ஒரு கையை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஜல்லி ரோட்டில் ஹேண்டில்பார் உதறும்போதெல்லாம் கொப்புளம் கட்டிவிடுமோ என்று பிடியைத் தளர்த்தினேன்.

"இன்னாடா, கைரேகை பாத்துக்கினே வர? ஜோசியம் சரியா இருக்குதா?" என்றான் நண்பன்.

"சிவந்திருக்குதுடா."

"சிவந்தா இன்னா? மருதாணி வெச்சுக்கினு வந்தன்னு எங்க சின்னம்மாகிட்ட சொல்லிடறேன்."

சொன்னபடியே சொன்னான். அந்த அம்மாளும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெஜமாவே பொண்ணு கைதான். எங்க வூட்டுல ஒருத்திக்கும் இந்த மாதிரி இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். கை கெடாமல் முதல் நாள் முடிந்தது. பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்று படுத்தேன்.

மறுநாள் உத்திரமேரூர் வழியாகத் திரும்பலாம் என்றான். சூரியன் நேர் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ஏரிக்கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவில் சைக்கிள் தானாகவே வேகம் பிடித்தது. நான் முன்னால் போனேன். திருப்பத்தில் பார்த்தால், ரோட்டின் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று இழைகள். இரண்டு பக்கமும் முளை அடித்து, இழுத்துக் கட்டி, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

எங்கள் தெருவில் காலையில் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். புடவையின் நீள இழைகளுக்குத்தான் பாவு என்று பெயர். சைக்கிளில் வருகிறவன் யாராக இருந்தாலும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவான். இன்னொருவர் பாவில் சக்கரம் படக்கூடாது. நடை பழகும்போதே எங்களுக்கு ஏறிவிட்ட பழக்கம். அது காஞ்சிபுரம் இல்லை, அங்கே தறியே கிடையாது என்பதெல்லாம் என் புத்திக்கு எட்டுவதற்குள் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன். சைக்கிள் குப்புறக் கவிழ்ந்தது. நான் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி ஜல்லியில் சறுக்கினேன்.

கயிறு திரிக்கிறவர்கள். கற்றாழை நாரை இழுத்துக் கட்டி முறுக்கிக்கொண்டிருந்தார்கள், கணவனும் மனைவியும்.

அந்த ஆள் முறுக்குக் கட்டையை விடாமலே கேட்டார்: "இன்னாபா, கயித்தப் பாத்தா பயந்துட்ட? கட்ட வண்டியே மேல ஏறிக்கினு போவுது. ஒன் சைக்கிளு ஏறினா அறுந்துடுமா?"

பின்னால் வந்த நண்பன் கயிற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். "காஞ்சிபுரத்து ஆளு அண்ணே. நூலு மாதிரி எதப் பாத்தாலும் எறங்கிடுவான். இன்னிக்கு எறங்க நேரமில்ல, வுழுந்துட்டான்."

அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள். ரத்தம் போனதும் தோல் தெரிந்தது. இரண்டு கையிலும் கட்டை விரலுக்குக் கீழே மேல்தோல் வழண்டு, உள்ளே பொடிக் கல் ஏறியிருந்தது. நண்பன் சிரிப்பு நின்றது.

"ஒன்னுமில்லடா. நாலு நாள்ல ஆறிடும். கதிரு அறுக்கறப்போ எங்களுக்கு வராததா?"

"ஒனக்கு ஆறும். ஆறின எடத்துல தோலு தடிச்சுதுன்னா அருவா புடிக்க நல்லதுன்னுவ. எனக்குத் தடிச்சா?"

அவன் வேலியோரம் வெட்டுக்காயப் பச்சிலை பறித்துக் கசக்கி என் கையில் பிழிந்தான்.

அங்கிருந்து வீட்டுக்கு முப்பது மைலுக்கு மேல். மேடு பள்ளம் இல்லாத நாட்டில் ஓட்டுவது சுலபம் என்று நினைப்பீர்கள். சமதரையில் சைக்கிள் தானாக உருளும் இடமே கிடையாது. மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்க்காற்று வேறு. மணிக்கட்டை ஹேண்டில்பாரில் வைத்து, விரல் நுனியால் மட்டும் பிடித்து ஓட்டினேன். தூரத்துக் கோயில் விமானம் ஒரு மணி நேரம் கண்ணெதிரே நின்றது, கிட்டே வரவே இல்லை. வயலில் கதிர் பார்க்க வந்தவர்கள், கொக்கு, பம்புசெட்டுத் தண்ணீர் எல்லாம் கடந்து போயின. எனக்கு ஒரே எண்ணம்தான். ஜரிகை வந்திருக்கக் கூடாது. இன்னும் இரண்டு நாள் தாமதம் ஆகட்டும்.

நண்பன் காற்றை மறைத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே ஓட்டினான். வாலாஜாபாத்தில் டீக்கடையில் தம்ளரை அவனே என் வாயில் வைத்தான். கடைக்காரர் பார்த்துவிட்டு, "புது மாப்பிள்ளையா?" என்று கேட்டார். அப்போதும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்தோம். உங்கள் அம்மா என் கையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பட்டு இழையைக் கொண்டுவந்து, காயத்தைச் சுற்றி மெதுவாக இழுத்தாள். மூன்று இடத்தில் மாட்டியது.

"ஜரிகை வந்துடுச்சு" என்றாள். "மத்தியானமே குடுத்தனுப்பிட்டாரு."

மறுநாள் காலை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற ஆள உக்கார வெக்கட்டுமா?"

"கோடு வுழுந்துடுங்க."

"பின்ன? ஒன் கை ஆறட்டும்னு முகூர்த்தம் நிக்குமாபா?"

"எட்டு நாளு குடுங்க. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதையே சரி என்று எடுத்துக்கொண்டேன்.

தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும். ஆனால் எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட முடியாது, கறை ஏறிவிடும். படுக்கும்போது தடவி, காலையில் பயத்தமாவு போட்டுக் கழுவுவேன். தினமும் உங்கள் அம்மா இழையை இழுத்துப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் இரண்டு இடத்தில் மாட்டியது. ஏழாம் நாள் ஒரு இடம். அதையும் அவள் பழந்துணியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். எட்டாம் நாள் இழை நழுவிக்கொண்டு போனது.

தறியில் உட்கார்ந்தேன். ஒரு இழை அறாமல் நெய்தேன். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது புடவை முடிந்தது. மடித்து எடுத்துக்கொண்டு போகும்போது, பயணம் போனதற்கு உண்டான தண்டனை இவ்வளவோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

முதலாளி வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பிடித்தார். பாதியில் அவர் கண் நின்றது.

"இதுக்கு மேல யாரு நெய்ஞ்சது?"

"நான்தாங்க."

"பொய் சொல்லாத. ரெண்டு கை தெரியுது பாரு."

நானும் பார்த்தேன். கோடு இருந்தது. வேறு ஆள் தொடக் கூடாது என்று எட்டு நாள் காத்திருந்தேன். புண்ணுக்குப் பயந்து பயந்து நான் அடித்த அடி, எனக்கே தெரியாமல் இளைத்துப்போயிருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். புதுத்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. அவர் கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க மாட்டா. பொண்ணோட அத்த பாப்பா" என்றார். பிறகு மடித்து உள்ளே கொண்டுபோனார். வேறு புடவை நெய்ய நாள் இல்லை.

அந்தத் தை மாதம் முழுக்க, எங்கள் தெருவில் தெரியாத ஆள் யார் வந்தாலும் எனக்குத் திக்கென்றது. கல்யாண வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. முதலாளியும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அடுத்த பாவு வாங்கப் போனபோது, கரை சின்னதாக, பழையபடி சாதாரணப் புடவைக்கு உள்ளதை எடுத்து என் தோளில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே தறியில் ஏற்றினேன்.