கரண்ட் போன ஞாயிறு

போதகரே, எங்கள் ஜெபத்தைக் கெடுத்தது நீங்கள்தான். கண்ணை மூடினால் கீபோர்டு வாசிக்கச் சொல்கிறீர்கள். அது ஓய்ந்தால் மைக்கில் நீங்களே பேசுகிறீர்கள். போன ஞாயிறு ஜெப வேளையில் கரண்ட் போய் இரண்டும் அடங்கின. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நிற்கும் சத்தம்கூடக் கேட்டது.

அந்த அமைதியில் நான் நினைவில், சின்ன வயதில் சிவாஜிநகரில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நிற்பவர். வந்ததும் கைகால் கழுவி, எண்ணெய் வாடை போகாத கையோடு பாயில் முழங்கால் போடுவார். நாங்களும் போடவேண்டும். "ஆண்டவரே" என்பார். அதற்குப் பிறகு பேசவே மாட்டார். வெளியே பஸ் ஹாரனும் கறிக்கடைப் பேரமும் கேட்கும்.

ஒருநாள் தங்கச்சி கேட்டாள். "அப்பா, தூங்கிட்டியா?"

"இல்லம்மா, கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏசப்பா என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"குழம்பு அடிபிடிக்குதுன்னு நான் சொல்றேன், அதாச்சும் கேக்குதா?" என்றாள் அம்மா.

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அம்மாவே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் மறுபடி முழங்கால் போட்டாள். அந்த அறையில் எங்களோடு இன்னொருவரும் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பயமாக இல்லை. சாப்பிடாமலே வயிறு நிறைந்தது போல் இருந்தது.

போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தது, நீங்கள் "ஜெனரேட்டர் போடுங்கப்பா" என்று கத்தும்வரை. ஆழமான ஆவிக்குரிய வாழ்க்கை வேண்டும் என்று வாராவாரம் பிரசங்கம் செய்கிறீர்கள். ஆண்டவர் பேச எங்கே இடம் விட்டீர்கள்? வருகிற ஞாயிறு சபை முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.