சிவப்பு ரிமோட், மூன்றாவது லயம்

இன்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா சுவரில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரைபடத்தை ஒட்டி முடித்தோம். ஒவ்வொரு வீடும் இருக்கும் இடத்தில், அந்த வீட்டார் கொடுத்த பழுதான போனோ ரிமோட்டோ வேறேதாவதோ இருக்கிறது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு இலக்கமில்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில்தான் கிடக்கும். ராணி அக்காவின் இன்டர்வியூ கடிதம், இன்டர்வியூ முடிந்து நான்கு நாள் கழித்துக் கிடைத்தது.

மத்தியானம் ஆபீசுக்குப் போகும் வழியில் தபால்காரர் சுவர் முன்னால் நின்றார்.

"ராணி வீடு எதுங்க?"

"அந்தச் சிவப்பு ரிமோட்டுங்க. மூணாவது லயம்."

கடிதத்தை நேரே வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ராணி அக்கா வந்தார். "தம்பி, ரிமோட்டக் கழட்டிக் குடுங்க. பேட்டரிதான் செத்திருக்காம்."

"கழட்டினா உங்க வீடு போயிருங்களே அக்கா."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப இருக்கட்டும். நான் எந்திரிச்சுப் போயே சேனல மாத்திக்கிறேன்."

எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் 'உடைந்த கல்குலேட்டர், இரண்டாவது லயம்' என்று எழுதவும்.