பூத்த பார்த்தீனியத்தைத் தாட்டவள்

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை விட்டிருந்த ஒரு காலையில், கரவெட்டியில் உள்ள எங்கள் வெங்காயக் காணிக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாத்திகளுக்குள் பார்த்தீனியம் முளைத்திருந்தது. அந்தக் களை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அன்று கயிறு பிடித்து நட்டதுபோல நேர் வரிசையாக நின்றது. அந்த வரிசைகளில் மண்ணை வெட்டியவள் நான்தான்.

நடுகைக்கு முன், பூத்து நின்ற பார்த்தீனியத்தைப் பிடுங்கி, பூவரசங் குழையை உரத்துக்குப் புதைத்துத் தாழ்ப்பதுபோல, நீளக் குழியாய்க் கான் வெட்டி மண்ணுக்குள் தாட்டிருந்தேன். களையும் ஒழிந்தது, பசளையும் ஆயிற்று என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. சும்மா இருந்தேனா? அயல் காணிக்காரர் எல்லோருக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வைத்தேன்.

அந்த வரிசைகளைக் கண்டதும் நான் சொல்லிவைத்தவர்களின் நினைவு வந்தது. கிழக்குக் காணிக்கார அண்ணை நான் சொன்னபடி தாழ்ப்பதற்கு அன்றைக்குத்தான் ஆள் பிடித்திருந்தார். அந்தக் காணி ஒன்றுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. செருப்பை வரம்பில் விட்டுவிட்டு ஓடினேன். அங்கே கான் வெட்டியாயிற்று. வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம் கும்பலாகக் கிடந்தது.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. உந்தச் செடியை மண்ணுக்குள்ளை போடாதேங்கோ.”

“நீர்தானே தங்கச்சி வந்து சொன்னனீர்?” என்றார், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. “ஓம் அண்ணை, நான் சொன்னது பிழை. என்ரை காணியை வந்து பாருங்கோ” என்றேன்.

வந்தார். ஏசப்போகிறார் என்று நின்றேன். அவரோ குந்தியிருந்து ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

“முந்தி ஒருக்கால் பூக்காத கன்றுகளைத் தாட்டனான். ஒண்டும் முளைக்கேல்லை. இப்ப விளங்குது, பூத்ததைத் தாட்டால் அது பசளையில்லை, விதைப்பு. உமக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சு, நான் செய்து பார்த்ததைச் சொல்லாமல் விட்டிட்டன்.”

பூதான் வித்தியாசம்! எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. திரும்பவும் வீடு வீடாகப் போய் என் பிழையைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் அயல் காணிக்காரர் அத்தனை பேரும் எங்கள் வரம்பில் கூடிவிட்டார்கள். மழை ஈரத்தில் இழுத்தால்தான் வேரோடு வரும் என்றார் ஒருவர். சேறும் விதையும் ஒட்டிய உழவு இயந்திரச் சில்லைக் கழுவாமல் காணி மாறக்கூடாது என்றார் இன்னொருவர். கைக்குப் பொலித்தீன் சொப்பிங் பையைக் கட்டினால் செடி பட்டு அரித்துக் கடிக்காது என்று ஓர் அக்கா கட்டியே காட்டினா. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். பூக்காததைக் கானுக்குள் போட்டோம். பூத்ததை உரப்பைகளில் அடைத்து எரித்தோம். அண்ணையின் காணி தப்பியது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னபோது எல்லோரும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள். நான் விட்ட பிழையைச் சொன்ன அன்றைக்குத்தான் தங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொன்னார்கள்.