மினுங்காத கூனி

என்ட வீட்டுக்காரருக்குக் கிட்னி பழுதென்று கிளினிக்கில் சொன்னது சண்டைக் காலத்தில். வாவியில் இரவு மீன்பிடித் தொழிலுக்குத் தடை, றோட்டெல்லாம் ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றி, அதுக்குள் இதுவும். டொக்டர் துண்டில் ஒரு வரி எழுதித் தந்தார்: பொஸ்பரஸ் கூடின சாப்பாடு கூடாது. காய்ஞ்ச கூனி இறால், முள்ளோடு தின்கிற சின்ன மீன், பருப்பு, பால்மா எல்லாம் குறைக்க வேணுமாம். நிவாரணத்துக்கு எங்களுக்குக் கிடைச்சதே பருப்பும் டின்மீனும்தான். தலையில் கைவைச்சுக்கொண்டு குந்திவிட்டேன்.

இவருக்கென்றால் ஒரு கவலையுமில்லை. இருட்டில் வலை இழுக்கக்குள்ள வாவித் தண்ணி நீலமாய் மினுங்குமே, அதைத்தான் எங்கட ஆக்கள் பொஸ்பரஸ் என்பது. அவருக்குத் தெரிஞ்ச பொஸ்பரஸ் அது ஒன்றுதான். ஆகவே மினுங்கினால் தள்ளி வைக்கிறது, மினுங்காட்டித் தின்கிறது. இதுதான் ஐயா கண்டுபிடிச்ச வைத்தியம்.

ஒரு நாள் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலில் போர்வை மேடாய் எழும்பி நிற்குது, உள்ளிருந்து கூனி நாத்தம். இழுத்தால், மனுசன் தேங்காய்ச் சிரட்டையில் வறுத்த கூனியை வைச்சு, அந்த இருட்டுக்குள் வேர்த்து வடிய வடிய உத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மினுங்கல்ல என்று சொல்லி ஒரு பிடியை வாயில் போட்டார். நான் சிரட்டையைப் பறிச்சுக் கோழிக்குக் கொட்டினேன். அடுத்த நாள் கருவாடு. மறுகா பருப்பு. பருப்பு மினுங்குதா என்று போர்வைக்குள் போய்ப் பார்க்கிற ஆம்பிளை இந்த மட்டக்களப்பில் வேறு எவளுக்கு வாய்ச்சான்?

மூன்று மாதத்தில் உடம்பெல்லாம் சொறி. மாடு மாதிரி மரத்தில் முதுகைத் தேய்க்கிறார். கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன், சென்றியில் வெயிலுக்குள் வரிசையில் நின்றுதான். இரத்தம் பார்த்த டொக்டர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் ஒன்றும் ஒளிக்கவில்லை, போர்வைக் கதை முழுக்கச் சொன்னேன். அவர் பேனையை வைச்சிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிப்படுத்தி, வாவியில் மினுங்குவது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் என்றார். சாப்பாட்டில் இருக்கிற பொஸ்பரஸ் வேற கதை, எலும்புக்கும் பல்லுக்கும் எல்லாருக்கும் அது வேணும், மிஞ்சினதைக் கிட்னி மூத்திரத்தோடு வெளியே தள்ளிவிடும் என்றும் சொன்னார்.

"உங்கட கிட்னி தள்ளுறதில்ல ஐயா. அது ரத்தத்துக்குள்ளயே தேங்கி நிக்குது. இப்பிடியே போனா எலும்பு உக்கும், நெஞ்சையும் தாக்கும்."

பஸ்ஸில் வரக்குள்ள இவர் முதுகைச் சீற்றில் தேய்ச்சுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் குசினிக்குள் போய்க் கூனிப் போத்தலையும் பருப்பையும் ஒளிச்சு வைச்சேன். திரும்பி வந்தால், கட்டிலில் பழையபடி போர்வை மேடு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அகப்பையோடு போய் ஒரே இழுவை. சிரட்டையில்லை, மீனில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டு, தன்ட கையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்கி நிக்குது எண்டாரே புள்ள," என்றார். "எவ்வளவு எண்டு பாத்தன்."

எனக்கு முதல்தரம் பயம் வந்தது அப்போதுதான். அகப்பையைக் கீழே வைச்சிட்டு நானும் போர்வைக்குள் தலையை விட்டு, நாலு பக்கமும் வெளிச்சம் வராமல் இழுத்து மூடி, அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் பார்த்தேன்.

"ஒண்டுமில்லங்க," என்றேன். "நல்ல கறுப்பாத்தான் இரிக்கிறீங்க."