இரண்டாவது வாக்கெடுப்பு

என் மனைவி கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு இன்னொரு குடும்பம் உண்டு: நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் சோஷலிஸ்டுகள். அவர்களுடைய சண்டை சச்சரவெல்லாம் எனக்கு அத்துப்படி. டிப்போவில் பஸ்ஸுக்கு டயர் மாட்டுகிறவனுக்கு இதெல்லாம் தலையெழுத்தா என்றால், ஆமாம், நானாகக் கட்டிக்கொண்ட தலையெழுத்து.

போரே கூடாது என்று மேடைக்கு மேடை முழங்கிய அந்தக் கட்சி, முதல் உலகப் போர் வந்ததும் அதற்குப் பணம் ஒதுக்கச் சம்மதித்தது. உள்கூட்டத்தில் சிலர் எதிர்த்தார்கள். ஆனால் கட்சி உடையக்கூடாதே என்று நாடாளுமன்றத்தில் அவர்களும் ஆதரித்துவிட்டார்கள்.

"முதுகெலும்பு இல்லாத ஜென்மங்க!" என்பாள் இவள்.

சில மாதம் கழித்து நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் ஒரே ஒருவர் மட்டும் மறுத்தார். அவர்தான் இவளுடைய ஹீரோ. முதல் தடவை அவரும் கூட்டத்தோடு கோவிந்தா போட்டவர்தான். அதை மட்டும் தான் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவைத்திருந்தாள்.

அப்போதுதான் கல்லூரி நிர்வாகம் ஒரு பேரம் பேசியது. நிரந்தர ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு. பதிலுக்கு, தற்காலிக ஆசிரியர்களை வேலையைவிட்டு அனுப்ப ஆசிரியர் சங்கம் சம்மதிக்க வேண்டும். செயற்குழுவில் இவள் தொண்டை கிழியக் கத்தினாள். எடுபடவில்லை.

"உள்ள என்ன வேணா பேசுங்க மேடம், வெளிய நாம ஒண்ணு. சங்கம் உடைஞ்சா அவங்களுக்குத்தான் கொண்டாட்டம்" என்றார் தலைவர்.

பொதுக்கூட்டத்தில் இவளும் ஆதரவாகக் கையைத் தூக்கினாள். இவளோடு ஒரே மேசையைப் பங்கிட்டுக்கொள்ளும் தற்காலிக ஆசிரியை பின்வரிசையிலிருந்து அதைப் பார்த்தாள்.

அன்று வீட்டில் ஜெர்மனி வாயே திறக்கவில்லை. கிண்டல் செய்ய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒப்பந்தத்தை உறுதிசெய்ய அடுத்த மாதம் மறுபடி கூடினார்கள். எல்லாக் கையும் மேலே, இவள் கை மட்டும் மடியில். தலைவர் முறைத்தாராம். இவள் சட்டையே செய்யாமல் தன் அறைக்கு ஓடியிருக்கிறாள், அந்தப் பெண்ணிடம் சொல்ல. அவள் இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நான் கையைத் தூக்கலம்மா."

"கேள்விப்பட்டேன் மேடம். ஆனா எங்களை அனுப்புற ஆர்டரைப் போன கூட்டம் முடிஞ்ச மறுநாளே போட்டுட்டாங்களாம். கையில இன்னைக்குத்தான் குடுத்தாங்க."

அதில் கோபமே இல்லை என்பதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹீரோவின் அத்தியாயத்தை எடுத்தாள். அடிக்குறிப்பைக் கிளப்பி முதல் வரியில் உட்காரவைத்தாள். அதன்கீழ் ஒரு வாக்கியம் சேர்த்து எனக்குப் படித்துக் காட்டினாள்: "அவர் மறுத்தபோது, முதல் வாக்கெடுப்புக்குப் பின் போர்முனைக்குப் போனவர்களில் பலர் செத்துப்போயிருந்தார்கள்."

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன். அப்போதுதான் அழுதாள்.